வாசகர் சட்டக் கேள்விகள்: சாக்லேட் படம் யாருக்குச் சொந்தம்?

வீட்டிலேயே சாக்லேட், பிரவுனி, கேக் செய்து விற்பவர்களிடமிருந்து கடந்த சில மாதங்களாக வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே பிரச்சினையைச் சுற்றியே இருப்பதால், இந்த இதழை அவற்றுக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறேன். பலர் 'காப்புரிமை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் பொதுவாகப் புதிய கண்டுபிடிப்புக்கான உரிமையைக் குறிக்கிறது. புகைப்படம், எழுத்து, ஓவியம் ஆகியவற்றுக்குரியது பதிப்புரிமை. சொல் மாறினால் போய்ச் சேரும் அலுவலகமும் மாறிவிடும்: காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியிலேயே இருக்கிறது, பதிப்புரிமை அலுவலகமோ டெல்லியில் இருக்கிறது. ஆகையால் கீழே பதிப்புரிமை என்றே எழுதுகிறேன்.

வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். ஆறு ஆண்டுகளாக வீட்டில் சாக்லேட் செய்து விற்கிறேன். வறுத்த பாதாமும் உலர்திராட்சையும் போட்ட சாக்லேட்டை உடைத்து, என் மாமியாரின் எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பி, கைப்பேசியில் படம் எடுத்து என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டேன். சமவெளியில் உள்ள ஓர் இனிப்புக் கடை அதே படத்தைப் பெரிதாக அச்சிட்டு வாசலில் பேனராகக் கட்டியிருப்பதை என் தம்பி பார்த்துவிட்டுச் சொன்னான். கேட்டால், "நெட்டில் கிடப்பது எல்லாருக்கும் பொதுதானே, அதுவும் செல்போன் படம்" என்கிறார்கள். நான் எதையும் பதிவு செய்து வைக்கவில்லை. எனக்கு உரிமை உண்டா?
— ஒரு வாசகி, உதகமண்டலம்

உண்டு, முழுமையாக உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கலைப்படைப்பு என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் புகைப்படத்தையும் சேர்த்து, அதற்குக் கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கலைப்படைப்பே என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. ஆகவே கைப்பேசியில் எடுத்ததா, லட்ச ரூபாய் கேமராவில் எடுத்ததா என்ற பேச்சுக்கே இடமில்லை. சட்டம் எதிர்பார்ப்பதெல்லாம், எடுத்தவருடைய திறமையும் தேர்வும் கொஞ்சமாவது அந்தப் படத்தில் இருக்க வேண்டும் என்பதுதான். 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் அது. அந்த வழக்கு தீர்ப்புத் தொகுப்புகளைப் பற்றியது என்றாலும், அளவுகோல் எல்லாப் படைப்புகளுக்கும் பொருந்தும்.

நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். இடப்பக்க ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சம் சாக்லேட்டின் உடைந்த விளிம்பில் மட்டும் பட்டு, உள்ளே இருக்கும் பாதாமின் வெட்டுமுகத்தைப் பளிச்சென்று காட்டுகிறது. துண்டுகளில் ஒன்று மட்டும் தாம்பாளத்துக்கு வெளியே, யாரோ எடுக்கப் போவதுபோல் கிடக்கிறது. அந்தத் துண்டை அங்கே வைக்கலாம் என்று முடிவு செய்தது நீங்கள், அதைத்தான் சட்டம் படைப்பு என்கிறது. கடைக்காரர் உங்கள் பெயர் இருந்த மூலையை வெட்டியிருக்கிறார், ஆனால் தாம்பாளத்தின் விளிம்பைக் கவனிக்கவில்லை. பாத்திரக்கடையில் வெட்டிய உங்கள் மாமியாரின் பெயரில் கடைசி இரண்டு எழுத்துகள் பேனரின் வலது ஓரத்தில் ஓர் அடி உயரத்துக்குத் தெரிகின்றன. இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்கு அரிதாகவே கிடைத்திருக்கிறது. அந்தத் தாம்பாளத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பதிவு கட்டாயம் இல்லை. படம் எடுத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது, எடுத்தவரின் ஆயுள் முழுவதும் நீடித்து, அவர் காலமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து இன்னும் 60 ஆண்டுகள் இருக்கிறது. புகைப்படத்துக்கு முன்பு வெளியான நாளை வைத்துக் கணக்கிட்டார்கள். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றி, எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் இருக்கும் அதே காலத்தைப் புகைப்படம் எடுப்பவருக்கும் தந்தது. பதிவு செய்தால் ஒரு நன்மை உண்டு: பதிவேட்டில் உள்ளதை நீதிமன்றம் முதல் நோக்கில் உண்மை என்று ஏற்கும். கலைப்படைப்புக்கான கட்டணம் 500 ரூபாய், பொருள்களோடு சேர்த்துப் பயன்படுத்தக்கூடியது என்றால் 2,000 ரூபாய், அதற்கு வணிகச்சின்னப் பதிவாளரின் சான்றிதழும் வேண்டும். தினம் ஒரு படம் எடுப்பவர் ஒவ்வொன்றையும் பதிவு செய்துகொண்டிருக்க முடியாது. அட்டைப்பெட்டியில் அச்சிடும் முக்கியமான ஒன்றிரண்டை மட்டும் செய்யலாம்.

இனிச் செய்ய வேண்டியது. மூலக் கோப்பைக் கைப்பேசியிலிருந்து அழிக்காதீர்கள், திருத்தாதீர்கள். எடுத்த நாள், நேரம், கைப்பேசியின் மாதிரி ஆகிய விவரங்கள் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கின்றன, வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அவை உதிர்ந்துவிடும். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றைக் காட்டுவதற்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். பேனரைக் கடையின் பெயர்ப்பலகையோடு சேர்த்து, தேதி தெரிய இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு, படத்தை நீக்கிவிட வேண்டும், இத்தனை நாள் பயன்படுத்தியதற்கு இவ்வளவு தொகை தர வேண்டும் என்று ஒரு கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தொகையை மனம்போனபடி போடாமல், அதுபோன்ற ஒரு படத்தை எடுத்துத் தர உங்கள் ஊரில் என்ன கேட்பார்கள் என்று விசாரித்துப் போட்டால் பேச்சு விரைவில் முடியும். அதே படம் அவர்களுடைய இணையப் பக்கத்திலும் இருந்தால், அந்தத் தளத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். பதிப்புரிமை விதிகளின்படி அந்தத் தளம் 36 மணி நேரத்துக்குள் படத்தை மறைக்க வேண்டும், 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மீண்டும் காட்டலாம்.

பணியவில்லை என்றால், நீங்கள் வசிக்கும் நீலகிரி மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். அவர்கள் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை, பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு சிறு படைப்பாளிக்குச் செய்திருக்கும் பேருதவி அது. அதே சட்டத்தின் 63ஆம் பிரிவின்கீழ்க் குற்றவியல் நடவடிக்கையும் உண்டு: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம். இது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் முதல் படியிலேயே போலீஸுக்குப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. உங்களுக்கு வேண்டியது பேனர் இறங்குவதும் உழைப்புக்கு ஒரு விலையும்தான், கடிதத்திலேயே அவை கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

என் சாக்லேட் வகைகள் முப்பதையும் படம் எடுக்க ஒரு புகைப்படக்காரருக்கு 8,000 ரூபாய் கொடுத்தேன், ரசீது இருக்கிறது, ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. இப்போது அந்தப் படங்களை அட்டைப்பெட்டியில் அச்சிடப் போகிறேன் என்றதும், "எடுத்தவன் நான், உரிமை என்னுடையது, பெட்டிக்குத் தனிப் பணம்" என்கிறார். கொடுக்கத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகர், ஈரோடு

வேண்டாம். பொதுவாகப் படம் எடுத்தவரே முதல் உரிமையாளர் என்றாலும், சட்டத்தின் 17ஆம் பிரிவு இதற்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறது: ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில், மதிப்புள்ள பிரதிபலனுக்காக எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, மாறான உடன்பாடு இல்லாதபோது, கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர். நீங்கள் கேட்டீர்கள், பணம் கொடுத்தீர்கள், மாறான உடன்பாடு இல்லை. ஆகவே உரிமை உங்களுடையது. ரசீதில் 'சாக்லேட் படங்கள் எடுத்ததற்கு' என்ற வார்த்தை இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புகைப்படக்காரர் உங்களை ஏமாற்ற நினைக்கிறார் என்று நான் எண்ணவில்லை. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, காசு கொடுத்து எடுக்கச் சொன்னாலும் உரிமை எடுத்தவரிடமே நிற்கிறது, அமெரிக்காவிலும் தனியாகத் தொழில் செய்யும் புகைப்படக்காரருக்குப் பெரும்பாலும் அதே நிலைதான். இத்துறை இளைஞர்கள் படிக்கும் பாடமெல்லாம் அந்த நாடுகளிலிருந்து வருவதால், இந்தியச் சட்டம் தலைகீழாக இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. என் மனச்சாட்சிப்படி சொன்னால், இந்த விதி எடுப்பவருக்குக் கொஞ்சம் கடுமையானதுதான். முப்பது வகைச் சாக்லேட்டை உருகாமல் ஒரே நாளில் எடுத்து முடித்தவருக்கு 8,000 ரூபாய் அதிகம் இல்லை. சட்டப்படி கடன் இல்லாவிட்டாலும், பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் அவர் பெயரைப் போடுங்கள். உரிமை யாரிடம் இருந்தாலும், படம் தன்னுடையது என்று சொல்லிக்கொள்வதும், தன் நற்பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் தடுப்பதும் 57ஆம் பிரிவின்படி எடுத்தவரின் தனி உரிமைகள். அவற்றை நீங்கள் வாங்கியதாக ஆகாது.

நான் புகைப்படக்காரன். பேக்கரி வைத்திருக்கும் நண்பனுக்குப் பணம் வாங்காமல் படம் எடுத்துக் கொடுத்தேன், அவன் இரண்டு டப்பா பிரவுனி கொடுத்தான். என் படங்களை இப்போது அவன் வேறு கடைக்கும் கொடுத்துவிட்டான்.
— ஒரு வாசகர், மதுரை

பிரதிபலன் என்றால் ரொக்கம்தான் என்று சட்டம் சொல்லவில்லை. "நீ படம் எடு, நான் பிரவுனி தருகிறேன்" என்று முன்பே பேசிக்கொண்டிருந்தால், அந்த இரண்டு டப்பாவும் பிரதிபலன்தான் என்று அவர் வாதிட முடியும். பேச்சே இல்லாமல், எடுத்து முடித்த பிறகு அன்பாகக் கொடுத்தது என்றால் அது பரிசு, உரிமை உங்களிடமே இருக்கிறது. அன்றைய உங்கள் இருவரின் வாட்ஸ்ஆப் உரையாடலை முழுவதும் படித்துப் பாருங்கள், விடை அங்கேதான் இருக்கும். இனிமேல் நண்பராக இருந்தாலும் மூன்று வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதில் உரிமை யாருக்கு, எதற்குப் பயன்படுத்தலாம், எத்தனை ஆண்டு, எந்த ஊர்வரை என்பதெல்லாம் இருக்க வேண்டும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டமே நிரப்பிக்கொள்ளும்.

நான் எடுக்கும் படங்களில் சாக்லேட் வெளுத்து, வேர்த்துப் போய்த் தெரிகிறது. அதனால் கூகுளில் கிடைத்த ஒரு டிரஃபிள் கேக் படத்தை என் விலைப்பட்டியலில் போட்டேன். இப்போது ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, 60,000 ரூபாய் கேட்கிறார்கள். சத்தியமாக எனக்குத் தெரியாமல் செய்ததுதான். இரண்டு நாளாகத் தூக்கமில்லை.
— ஒரு வாசகி, சேலம்

முதலில் தைரியமாக இருங்கள், வழியிருக்கிறது. இன்றே அந்தப் படத்தை எல்லா இடத்திலிருந்தும் நீக்கிவிட்டு, நீக்கிய நாளைக் குறித்து வையுங்கள். நோட்டீஸைக் கிழித்துப் போடவோ, பதில் சொல்லாமல் இருக்கவோ வேண்டாம். மௌனமாக இருந்தால், தெரிந்தே தொடர்ந்தீர்கள் என்று அவர்கள் சொல்ல இடம் கொடுத்துவிடும்.

பதிலில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: படத்தை எடுத்தவர் யார், அவரிடமிருந்து உரிமை இவர்களுக்கு வந்ததற்கான கையெழுத்திட்ட ஆவணம் எங்கே, அந்தத் தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள். உரிமை இல்லாதவர்களும் நோட்டீஸ் அனுப்புவது உண்டு. ஆதாரமில்லாமல் மிரட்டுபவர்மீது, மிரட்டல் அடிப்படையற்றது என்று அறிவிக்கக் கோரி வழக்குப் போடும் வழியைச் சட்டத்தின் 60ஆம் பிரிவே தருகிறது. உரிமை உண்மையாகவே அவர்களுடையது என்றால், நியாயமான தொகைக்குப் பேசி, முழுத் தீர்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். தெரியாமல் செய்தேன் என்பதற்குச் சட்டத்தில் ஓரளவு மதிப்பு உண்டு. 63ஆம் பிரிவுத் தண்டனை தெரிந்தே செய்தவருக்குத்தான். உரிமை இருப்பது தெரியாது, தெரிந்துகொள்ளக் காரணமும் இல்லை என்று நிரூபித்தால், தடை உத்தரவும் அந்தப் படத்தால் வந்த லாபமும் போக வேறு இழப்பீடு விழாது என்று 55ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கூகுளில் கிடைத்ததை யாருடையது என்று பார்க்காமல் எடுத்தேன் என்பதை, தெரிந்துகொள்ளக் காரணமே இல்லாத நிலை என்று நீதிபதி ஏற்பது கடினம். இதை உங்களிடம் மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. உங்கள் கேக்கை நம்பாமல் யாரோ ஒருவரின் கேக்கைக் காட்டி விற்றிருக்கிறீர்கள். உங்கள் படத்தில் தெரியும் குறை சாக்லேட்டின் குறை இல்லை, அதை எடுத்த விதத்தின் குறை. என்னிடம் வழக்குக்காக வந்து பழக்கமான ஒரு சாக்லேட் தொழில்காரம்மா சொல்லிக் கொடுத்ததை எழுதுகிறேன். கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகிவிடும், சேலத்தில் சித்திரை மாத மதியத்தில் அறையே அதைவிடச் சூடாக இருக்கும். அதனால் பிரிட்ஜில் வைக்கிறோம். குளிர்ந்த சாக்லேட்டை நேரே வெளியே எடுத்தால் காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து முத்துமுத்தாக வேர்க்கும், காய்ந்ததும் சர்க்கரை வெண்படலமாக நிற்கும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, டப்பாவோடு வெளியே எடுத்து, அது அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காமல் இருந்தால் வேர்க்காது. வெளுப்பு இன்னொரு காரணத்தாலும் வரும்: டெம்பர் செய்வது, அதாவது சாக்லேட்டை உருக்கி ஆற்றி மீண்டும் இளஞ்சூடாக்குவது, சரியாக அமையாவிட்டால் கொழுப்பு மேலே ஏறிப் பூத்துவிடும். டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரிவரை உருக்கி, 27, 28க்கு ஆற்றி, மீண்டும் 31, 32க்குக் கொண்டுவந்து வார்த்தால் கண்ணாடிபோல் மின்னும். படத்தைக் காலை ஏழு, எட்டு மணிக்கு, வெயில் நேரே விழாத ஜன்னலோரம், மின்விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை சார்ட் அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். அப்படி எடுத்த படத்துக்கு யாரும் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது.

ஒருவர் எடுத்த சாக்லேட் படத்தைப் பார்த்து, அதே மாதிரி நானே அடுக்கி நானே எடுத்தால் தப்பா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

எவ்வளவு தூரம் 'அதே மாதிரி' என்பதைப் பொறுத்தது. கருத்துக்கு உரிமை இல்லை, வெளிப்பாட்டுக்கே உரிமை என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. உருகிய சாக்லேட் கேக்கின்மேல் வழிவதை எடுப்பது கருத்து, அது யாருக்கும் தனிச் சொத்து ஆகாது.

வெளிநாட்டில் நடந்த இரண்டு வழக்குகள் இதன் இரு எல்லைகளையும் காட்டும். அமெரிக்காவில் ஒரு நீலநிற வோட்கா புட்டியை விளம்பரத்துக்காகப் படம் எடுத்தவர், அதே நிறுவனம் வேறு ஆட்களை வைத்து அதேபோல் எடுத்துக்கொண்டதாக வழக்குப் போட்டார். பொருளைக் காட்டும் படத்துக்கும் பதிப்புரிமை உண்டு என்று 2000ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் பேசியது. ஆனால் 2003இல், ஒரே புட்டியை வெறும் பின்னணியில் நிறுத்தி எடுத்தால் யார் எடுத்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் வரும், ஆகவே நகல் இல்லை என்று தீர்ப்பாகி அவர் தோற்றார். லண்டனில் 2012இல் வந்த தீர்ப்பு வேறு. கறுப்பு வெள்ளையாக்கிய வெஸ்ட்மின்ஸ்டர் பாலக் காட்சியில் பேருந்தை மட்டும் சிவப்பாக விட்ட ஒரு படம் நினைவுப் பொருள்களில் புகழ்பெற்றிருந்தது. ஒரு தேயிலை நிறுவனம் தன் டின்களுக்காக அதே அமைப்பில் தானே படம் எடுத்துச் சேர்த்துக்கொண்டது. புதிதாக எடுத்ததாக இருந்தாலும், முந்தைய படத்தின் அறிவுசார்ந்த படைப்பில் கணிசமான பகுதியை எடுத்துக்கொண்டதே என்று நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு கொஞ்சம் எல்லை தாண்டியது என்று வாதிட்டவர்கள் உண்டு, என் மனம் அது சரி என்றே சொல்கிறது.

வெள்ளைத் தட்டில் ஒரு சாக்லேட் பட்டை என்றால் அச்சம் வேண்டாம். ஒருவர் வாழையிலையில் மல்லிகைச் சரத்தை வளைத்து, நடுவே மூன்று டிரஃபிளை வைத்து, ஒன்றைக் கடித்து உள்ளிருக்கும் கனாஷ் என்ற மென்மையான சாக்லேட் பூரணத்தைக் காட்டியிருந்தார் என்றால், இலை, சரம், கடித்த பக்கம் எல்லாவற்றையும் அப்படியே நீங்களும் வைப்பது வம்பு. உங்கள் வீட்டில் வேறு என்ன அழகாக இருக்கிறது என்று தேடுங்கள்.

என் கருப்பட்டிச் சாக்லேட்டின் செய்முறையையும் சுவையையும் பக்கத்துக் கடை அப்படியே நகல் எடுத்துவிட்டது. சுவைக்குப் பதிப்புரிமை வாங்க முடியுமா?
— ஒரு வாசகி, காரைக்குடி

முடியாது. நெதர்லாந்தில் ஹெக்ஸன்காஸ் என்ற மூலிகைப் பாலாடைக்கட்டிப் பூச்சின் உரிமையாளர்கள், போட்டிப் பொருள் ஒன்று தங்கள் சுவையை நகலெடுத்தது என்று வழக்குப் போட்டு, அது ஐரோப்பிய நீதிமன்றம்வரை போயிற்று. சுவை உண்பவரின் வயது, பழக்கம், சூழல் ஆகியவற்றைப் பொறுத்து மாறுவது, அதைத் துல்லியமாக அடையாளம் காட்ட வழியில்லை என்று சொல்லி 2018 நவம்பர் 13 அன்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. நம் நாட்டுச் சட்டத்தின் படைப்புப் பட்டியலிலும் சுவை இல்லை. இவ்வளவு கருப்பட்டி, இவ்வளவு கோகோ என்ற அளவுப் பட்டியலுக்கும் தனி உரிமை கிடையாது. செய்முறையை நீங்கள் உங்கள் நடையில் எழுதியிருந்தால் அந்த எழுத்து உங்களுடையது, நீங்கள் எடுத்த படமும் உங்களுடையது. அளவை ரகசியமாக வைத்திருப்பதும், வேலைக்கு வருபவரிடம் எழுதி வாங்குவதும், பெயரை வணிகச்சின்னமாகப் பதிவதும்தான் உங்களுக்குள்ள வழிகள்.

சாக்லேட்டுகளைச் சுவைத்து விமர்சனம் எழுதுகிறேன். நிறுவனத்தின் விளம்பரப் படத்தைப் போட்டுக்கொள்ளலாமா? விமர்சனத்துக்கு விலக்கு உண்டு என்கிறார்களே.
— ஒரு வாசகி, சென்னை

விலக்கு உண்டு. ஆனால் 52ஆம் பிரிவின் சொற்களை நிதானமாகப் படிக்க வேண்டும். 'அந்தப் படைப்பையோ வேறு ஒரு படைப்பையோ' விமர்சிப்பதற்கான நியாயமான பயன்பாடு என்றுதான் அங்கே இருக்கிறது. நீங்கள் விமர்சிப்பது சாக்லேட்டை, சட்டத்தின் கண்ணில் சாக்லேட் ஒரு படைப்பு இல்லை. 'இந்த விளம்பரப் படத்தில் முந்திரி இவ்வளவு காட்டுகிறார்கள், பெட்டிக்குள் இவ்வளவுதான் இருக்கிறது' என்று அந்தப் படத்தையே நீங்கள் அலசினால் விலக்கு நன்றாகப் பொருந்தும், வெறும் அலங்காரத்துக்குப் போட்டால் பொருந்துவது சந்தேகம். சுவைப்பதற்கு எப்படியும் சாக்லேட்டை வாங்குகிறீர்கள், உறையைப் பிரிக்கும்போது நீங்களே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உறையும் நிறுவனத்தின் பெயரும் அதில் தெரியலாமா என்றால், எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று நேர்மையாகக் காட்டுவதற்கு வணிகச்சின்னச் சட்டத்தின் 30ஆம் பிரிவு இடம் தருகிறது. விமர்சனம் கசப்பாக இருந்தாலும் அந்த இடம் போய்விடாது.

வெளிநாட்டுச் சாக்லேட்டுகளை முறையாக இறக்குமதி செய்தவரிடம் வாங்கி விற்கிறேன். அந்த நிறுவனங்களின் படங்களை என் விற்பனைத் தளத்தில் போடலாமா? உறையின் தோற்றத்தைக் கொஞ்சம் தழுவி என் சொந்தச் சாக்லேட்டுக்கும் ஓர் உறை செய்யலாம் என்று நண்பர் சொல்கிறார்.
— ஒரு வாசகர், இராமநாதபுரம்

முறையாக இறக்குமதியான பொருளோடு ஒட்டி வரும் லேபிள், சின்னம், விளக்கத்தாள் ஆகியவை உரிமை மீறல் ஆகா என்று 2012 திருத்தம் ஒரு விலக்கைச் சேர்த்தது. அது பொருளோடு வருவதற்கு மட்டும். நிறுவனத்தின் இணையப் பக்கத்திலிருந்து விளம்பரப் படத்தை இறக்கி உங்கள் தளத்தில் போடுவதை அது மூடாது. இறக்குமதியாளர் வழியாக எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள், விற்பனையாளருக்கென்றே படத் தொகுப்பு வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. கிடைக்கும்வரை உங்கள் கடை அலமாரியில் இருப்பதை நீங்களே எடுத்துப் போடுங்கள்.

நண்பரின் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். கேட்பரி ஜெம்ஸ் உறையைப் போன்ற உறையில் வேறொரு நிறுவனம் மிட்டாய் விற்றதாக 2005இல் தொடுத்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் வணிகச்சின்னமும் பதிப்புரிமையும் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்து, இழப்பீடும் செலவுத்தொகையும் கட்ட உத்தரவிட்டது. பதினேழு ஆண்டு நீதிமன்றம் ஏறி இறங்கிய பிறகு வந்த முடிவு அது.

இணையத்தில் ஒரு கேக் வாங்கினேன். படத்தில் இரண்டு அடுக்குச் சாக்லேட் கேக், பளபளவென்று மெருகு, மேலே சீவிய சாக்லேட். வந்தது ஓர் அடுக்கு, மேலே ஏதோ பழுப்புக் குழம்பு. கேட்டால், "அது மாதிரிப் படம், கம்ப்யூட்டரில் செய்தது" என்கிறார்கள். என் மகளின் பிறந்தநாள் அது.
— ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

குழந்தை முன்னால் பெட்டியைத் திறந்தபோது உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே வருத்தமாக இருக்கிறது. விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்திருக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் விற்பனையாளர்மேல் வைத்திருக்கும் கடமை. படம் கேமராவில் எடுத்ததா, செயற்கை நுண்ணறிவில் செய்ததா என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை. 'மாதிரிப் படம்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தாலும், இரண்டு அடுக்கு என்று காட்டி ஓர் அடுக்கு அனுப்புவதற்கு அது அனுமதிச்சீட்டு ஆகாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு நீங்களே மனு எழுதிப் போகலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை. அவர்கள் காட்டிய படத்தின் திரைப்பதிவு, பணம் செலுத்திய விவரம், பெட்டியைத் திறந்ததும் நீங்கள் எடுத்த படம் ஆகிய மூன்றையும் இணையுங்கள். கேக்கை வெட்டுவதற்கு முன் எடுத்த படம் உங்களிடம் இல்லாவிட்டால், அன்று வந்திருந்த உறவினர்கள் யாராவது மகளோடு சேர்த்து எடுத்திருப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.